சின்ன நர்சு, பெரிய நர்சு

(பிளஸ் டூ முடித்த தலித் மாணவிகளுக்கான பயிற்சி முகாமில் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. வார்டுல பேசுற பேச்சுதான் வரும். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘செவிலியர் கல்வியும் தலித் பெண்களும்’. அதை நான் ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். முதலில் ஏ.என்.எம். என்ற சின்னப் படிப்பைப் படித்துவிட்டு அப்புறம் பெரிய படிப்புக்குப் போகலாமா, இல்லை நேராகவே பெரிய படிப்பில் சேரணுமா? ரிசல்ட் வந்த மறுநாள் நம்ம சேரியில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்தான் பதில் சொல்கிறது. நோட்டீஸ் ஒட்டியவன் யாருக்காகச் சொல்வான்?

முதலில் படிப்புகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஏ.என்.எம். என்பது துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்பு. இன்றைக்கு பிளஸ் டூ முடித்திருக்கணும், எந்தக் குரூப்பானாலும் சேரலாம், இரண்டு வருஷம். கர்ப்பிணியைப் பரிசோதிப்பது, பிரசவம் பார்ப்பது, தடுப்பூசி, குழந்தை வளர்ப்பு, ஊர் சுகாதாரம் இதெல்லாம் பாடம். ஜி.என்.எம். மூன்று வருஷம். முடித்தால்தான் பதிவு பெற்ற செவிலியர், நாம் ஸ்டாஃப் நர்சு என்று சொல்கிறோமே, அது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம். முடித்தவர்கள் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்து அதே பட்டத்துக்கு வரலாம்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ‘கட்டாயம்’ என்ற அந்த ஒரு சொல்லில் வருகிறது. நம்ம பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் குரூப் இல்லை. இருந்தாலும் வாத்தியார் இல்லை. “உனக்கு இது வராதும்மா, அந்தக் குரூப்பை எடு” என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லி ஒரு கதவைச் சாத்திவிடுகிறார்கள். சாத்தினது அவளுக்கே தெரியாது. இரண்டு வருஷம் கழித்து பி.எஸ்சி. விண்ணப்பத்தைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும்.

இப்போது நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. “காலங்காலமா ஊருக்குப் பீ அள்ளினோம், செத்த மாடு தூக்கினோம். இப்ப நம்ம பொண்ணுங்க ஆஸ்பத்திரியில போய் பீ மூத்திரம் அள்ளணுமா? படிச்சா டாக்டருக்குப் படிக்கட்டும்” என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பாதிதான் சரி. நோயாளியின் மலத்தைத் துடைப்பது இழிவல்ல. அதை ஒரு சாதிதான் செய்யணும், செய்கிறவள் அதற்கு மேல் எதையும் கற்கக்கூடாது என்று வைத்ததுதான் இழிவு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிற ஆட்களையே அடுக்கிவைக்கிற பிரிவினை என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பாபாசாகேப் விளக்கினார். அந்த அடுக்கை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளி, ஆயா, துணை நர்சு, ஸ்டாஃப் நர்சு, டாக்டர். கீழே போகப் போக யார் இருக்கிறார்கள், மேலே போகப் போக யார் இருக்கிறார்கள்? எண்ணிப் பார்க்க ஒரு வார்டு போதும்.

1897இல் பூனாவைப் பிளேக் தாக்கியபோது சாவித்ரிபாய் பூலே நோயாளிகளைத் தன் மகன் யஷ்வந்த் நடத்திய முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சிறுவனையும் அவர் தூக்கி வந்தார். அந்த நோயே தொற்றி அந்த வருஷம் மார்ச்சில் இறந்தார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்த அந்த அம்மா, கடைசியில் பார்த்தது நர்சு வேலைதான். அதனால் இந்த வேலையைக் கேவலமாகப் பேசாதீர்கள். எங்களைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தி வைக்கிறார்களே, அதைப் பேசுங்கள்.

நான் 1996இல் ஏ.என்.எம். சேர்ந்தேன். அப்போது பத்தாவது போதும், பதினெட்டு மாதம். அப்பா செங்கல் சூளையில் வேலை. எனக்குக் கீழே மூணு பேர். ரெண்டு வருஷத்தில் சம்பளம் வரணும், அவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. முடித்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிராம மருத்துவ மையத்தில் வேலை கிடைத்தது. சைக்கிளில் எட்டு ஊர் சுற்றினேன். ஊர்த்தெருவில் சில வீடுகளில் திண்ணையோடு நிற்கச் சொல்வார்கள். அங்கேயே கர்ப்பிணியை அழைத்து வருவார்கள், அங்கேயே பிரஷர் பார்க்கணும். ஒரு நாள் ராத்திரி வலி எடுத்து, வண்டி வரத் தாமதமாகி, அதே தெருவில் ஒரு வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். தலைமாட்டு வரைக்கும் போனேன். பிள்ளையை என் கையில்தான் வாங்கினேன். விடிந்ததும் நான் நடந்து வந்த இடத்தையெல்லாம் மஞ்சள் தண்ணி தெளித்துக் கழுவினார்கள். “பிரசவத் தீட்டு நர்சம்மா, எல்லா வீட்டுலயும் செய்யுறதுதான்” என்று அந்தக் கிழவி சொன்னாள். எந்தத் தீட்டு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மூன்று வருஷம் எனக்குக் கொடுத்தது நிறைய. வயிற்றில் கை வைத்தால் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. ரத்தத்தைக் கண்டு பதறாத மனசு வந்தது. சொந்தச் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில் பணம் கட்டி பிளஸ் டூவைத் தனியாக எழுதினேன். ‘கல்யாணம் பண்ணிவை’ என்று வந்தவர்களிடம் ‘பொண்ணு வேலைக்குப் போவுது’ என்று சொல்ல எங்க அம்மாவுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. நம்ம வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருபது வயது தாண்டிப் படிக்க அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய காவல் என்று அம்மாக்களுக்குத் தெரியும்.

2001இல் ஜி.என்.எம். சேர்ந்தேன். அங்கேதான் உண்மை உறைத்தது. ஏ.என்.எம். படித்திருக்கிறேன், இத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன் என்பதற்கு ஒரு நாள் கூடக் கழிவு கிடையாது. முழு மூணு வருஷம். படுக்கை விரிப்பு போடுவதிலிருந்து ஆரம்பம். “நீ சின்ன நர்சாச்சே, உனக்கு அனாட்டமி புரியுமா?” என்று கேட்ட டீச்சரும் இருந்தார். ஆங்கிலத்தில் நடத்தினார்கள், ராத்திரியில் அகராதி வைத்துப் படித்தேன். பிரசவ வார்டுக்கு வந்தபோது அதே டீச்சர் என்னைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னார்.

ஆகவே கணக்கைத் திறந்து சொல்கிறேன். ஏ.என்.எம். இரண்டு, ஜி.என்.எம். மூன்று, போஸ்ட் பேசிக் இரண்டு. மொத்தம் ஏழு வருஷம். நேராக பி.எஸ்சி. போனால் நான்கு வருஷம். ஒரே பட்டம். நடுவில் இருக்கிற மூன்று வருஷம் ஏழைப் பெண் கட்டுகிற வரி. நடுவில் வேலை பார்த்த வருஷங்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். நான் பட்டம் வாங்க 2011 ஆனது.

இந்த வரி எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நம்ம ஏ.என்.எம். மாதிரி எல்.பி.என். என்று ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர் பெரிய நர்சாக, முன்பு படித்ததைக் கழித்துக்கொண்டு மேலே சேர்க்கிற தனிப் பாலப் படிப்புகள் அங்கே நிறைய. அங்கேயும் கறுப்புப் பெண்களைக் கீழ்ப்படியிலேயே தேக்கி வைத்த வரலாறு உண்டு. பாஸ்டனில் மேரி எலிசா மஹோனி என்ற கறுப்புப் பெண் ஒரு மருத்துவமனையில் ஏறக்குறைய பதினைந்து வருஷம் சமைத்தார், துடைத்தார், துவைத்தார், நர்சுகளுக்கு எடுபிடியாக இருந்தார். அதற்கப்புறம்தான் அங்கேயே இருந்த நர்சிங் பள்ளியில் சேர்ந்தார். 1879இல் முடித்து, முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்சு ஆனார். அதோடு நிற்கவில்லை. 1908இல் கறுப்பின நர்சுகள் தங்களுக்கென்று தேசிய சங்கம் கட்டியபோது அவரும் கூட நின்றார்.

சரி, யார் எதை எடுப்பது? சயின்ஸ் குரூப் படித்து மார்க்கும் இருக்கிற பிள்ளை நேராக பி.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கணும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தகுதி மதிப்பெண்ணில் 5 சதவீதம் தளர்வு உண்டு. தமிழ்நாட்டில் நமக்கு 18 சதவீத இட ஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். இது யாரும் போட்ட பிச்சை இல்லை. “முதல்ல சின்னது படி, அப்புறம் பாக்கலாம்” என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுப் பெண்ணுக்கும் அதையேதான் சொன்னாரா என்று கேளுங்கள். வேறு குரூப் படித்திருந்தாலும், மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் இருந்தால் நேராக ஜி.என்.எம். முயற்சி பண்ணுங்கள்.

மார்க் அதற்கும் குறைவா? வீட்டுக்கு இரண்டு வருஷத்தில் சம்பளம் வந்தே ஆகணுமா? அப்போது ஏ.என்.எம். எடுங்கள், தலை நிமிர்ந்து எடுங்கள். பதிவு பெற்ற ஏ.என்.எம். ஆனபின் ஜி.என்.எம். சேர, பிளஸ் டூவில் அந்த 40 சதவீதம் தேவையில்லை, தேர்ச்சி போதும் என்று கவுன்சில் விதியே இருக்கிறது. உள்ளே நுழைய சின்னப் படிப்பு திறக்கிற கதவு அது ஒன்றுதான். ஆனால் எந்த வருஷம் மேல்படிப்பு என்று சேரும்போதே எழுதி வையுங்கள். தேதி போடாத ஆசை கல்யாணத்தில் கரைந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியராகவே ஊரில் இருந்து வேலை பார்க்கணும் என்று விரும்பி எடுக்கிறவர்களும் உண்டு. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப்பகுதியில் மூவாயிரம். அத்தனை தாய்க்கும் பிள்ளைக்கும் பொறுப்பேற்கிறவள் சின்ன நர்சு இல்லை.

சுவர் நோட்டீசுக்கு வருகிறேன். ‘ஆறே மாதத்தில் நர்சிங், நூறு சதவீத வேலை’ என்று போட்டிருப்பார்கள். இது ஏ.என்.எம்.மும் இல்லை, எதுவும் இல்லை. 1926ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே நம் மாநிலத்தில் நர்சுகளைப் பதிவு செய்ய ஒரு கவுன்சில் இருக்கிறது. போய் ஒரே கேள்வி கேளுங்கள்: “முடிச்சா கவுன்சில்ல பதிவு நம்பர் வருமா?” பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவர்களிடம் அடகு மாதிரி விட்டுவராதீர்கள். தாலிக்கொடியை விற்று அங்கே பணம் கட்டி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு உடுப்பு மாட்டி, ஆயா சம்பளத்துக்கு நிற்கிற நம்ம பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பணம் என்று பயப்படுகிறவர்களுக்கு: பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சேருகிற அன்றைக்கே கேளுங்கள். கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மதம் மாறிய தலித் பட்டியல் சாதி ஆகமாட்டார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் உங்கள் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் வரும். தெருவில் தீண்டாமை அதேதான், விண்ணப்பத்தில் சலுகை வேறு. நர்சு வேலையை மிஷன் ஆஸ்பத்திரி வழியாகக் கற்ற குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ. அந்தப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி.

பெரிய படிப்பு படித்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்தைப் பார்க்கக் குழு போடச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு சொன்னது. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். 2017 நவம்பரில் தொகுப்பூதிய நர்சுகள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டி விளக்கேற்றினதெல்லாம் அத்தோடு சரி. மஹோனி சங்கம் கட்டின கதையை இதற்காகத்தான் சொன்னேன்.

கடைசியாக, இயக்கத் தோழர்களிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, ஏ.என்.எம். முடித்து வேலை பார்த்தவர்களுக்கு ஜி.என்.எம். படிப்பில் காலக் கழிவு வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். பஞ்சமி நிலத்துக்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு வரி இருக்கட்டும். இரண்டு, ரிசல்ட் வருகிற மாதம் முழுவதும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் விவரம் தெரிந்த இரண்டு பேர் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். நோட்டீசை விட நம் மேஜை முந்தணும். மூன்று, பத்தாவது முடித்த பிள்ளை குரூப் எடுக்கிற அன்றைக்கு அவளோடு பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் கூடப் போங்கள். கதவு சாத்துவது அங்கேதான்.

என் போன் நம்பரை முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். ராத்திரி டூட்டி இல்லாத நாளில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். இப்போது கேள்விகளைக் கேளுங்கள். அம்மாக்கள் முதலில் கேட்கட்டும்.