திரும்பி வரும் பொருளும் தொழிற்சாலையின் இலக்கும்

விற்ற பொருள் குறித்த காலத்துள் பழுதுற்றால் அதனைத் திருத்தியோ மாற்றியோ தருவதாக உற்பத்தியாளர் கொடுக்கும் வாக்கே உத்தரவாதம் எனப்படும். பணங்கொடுத்து வாங்கியவர் பழுதுற்ற பொருளைச் சுமந்துகொண்டு கடைப்படி ஏறும்போதுதான் அவ்வாக்கின் பெறுமதி புலனாகும். இவ்வாறு திரும்பி வருவன நூற்றுக்கு எத்தனையெனக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டில் அதனைப் பாதியாகக் குறைப்போமெனத் தொழிற்சாலைகள் இலக்கு வகுப்பதுண்டு. எதனை எதனால் வகுத்து அவ்வீதம் பெறப்பட்டது என்று வினாவுவார் சிலரே.

நேயர்களே, ஓர் உதாரணங் கொள்வோம். மின்விசிறி செய்யும் தொழிற்சாலையொன்று மாதந்தோறும் 1,000 விசிறிகளை விற்கின்றது. ஒவ்வொரு மாதத்து விற்பனையிலும் 30 விசிறிகள், ஆறு மாதங் கழிந்தபின் பழுதுற்று வருகின்றன என்க. வீதம் நூற்றுக்கு 3. வெயிற்காலத்தில் ஒரு மாதம் 2,000 விசிறிகள் விற்றால், அம்மாதம் திரும்பும் 30ஐ 2,000ஆல் வகுக்க, வீதம் 1.5 ஆகிவிடும். முகாமையாளர் மகிழ்வார், பாராட்டுக் கூட்டமும் நடைபெறக்கூடும். ஆறு மாதஞ் சென்றபின் 60 விசிறிகள் திரும்பி வரும். அப்போது விற்பனை மீண்டும் 1,000 ஆயின் வீதம் 6. தொழிலாளர் ஏச்சுக் கேட்பர். விசிறியோ அன்றும் பின்பும் ஒன்றே! ஆதலின், எம்மாதத்தில் விற்கப்பட்டனவோ அம்மாதத்துப் பொருள்களைத் தனித் தொகுதியாகக் கொண்டு, ஆறு மாதத்தில் எத்தனை, பன்னிரண்டு மாதத்தில் எத்தனை திரும்பின என எண்ணுவதே முறையாகும்.

1924ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொலைபேசித் துறையிற் பணியாற்றிய வோல்டர் ஷூவார்ட் என்பவர் கட்டுப்பாட்டு வரைபடத்தை ஆக்கினார். இயல்பான ஏற்ற இறக்கத்தையும் தனிக்காரணத்தால் நேரும் மாற்றத்தையும் பிரித்தறிய அது உதவும். 2.8 என்றும் 3.1 என்றும் அசையும் எண்ணுக்கெல்லாம் காரணங் கேட்பது வீண்வேலை. அவர் வழிவந்த எட்வேர்ட்ஸ் டெமிங், 1980களில் வெளியிட்ட பதினான்கு கொள்கைகளுள், எண் இலக்குகளால் தொழிலாளரை நெருக்குவதைக் கைவிடுமாறு வற்புறுத்தினார்.

வெறும் எண்ணை வைத்து வருத்தினால் எண் குறையும், பழுது குறையாது. பற்றுச்சீட்டு இல்லை, பெட்டி கிழிந்துவிட்டது என்று சொல்லி வருவோரைத் திருப்பியனுப்பக் கடைக்காரர் கற்றுக்கொள்வர். பலவீனமான மாணவரைப் பரீட்சைக்கு அனுப்பாது மறித்துச் சித்தி வீதத்தை உயர்த்தும் பாடசாலையின் செய்கையும் இத்தகையதே.

பழுது பெருகியபின் நேருஞ் செலவோ பெரிது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் விற்கத் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி, பலரது வீட்டில் மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டிச் செயலிழந்தது. 2007 ஜூலையில் அப்பழுதுக்குரிய உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டிய அந்நிறுவனம், அதன்பொருட்டு நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

மீண்டும் நம் விசிறிக்கு வருவோம். திரும்பிய 30ஐயும் மேசையில் வைத்துத் திறந்து பார்த்தால், 12இல் கப்பாசிட்டர் கெட்டிருக்கலாம். 8இல் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சிய 10இல் ஒரு குறையும் இராது, பொருத்தும் முறை விளங்காமலே கொண்டுவந்திருப்பர். இவற்றுக்கு வாங்குவோர் மொழியில் அமைந்த தெளிவான குறிப்புத்தாள் போதும். கப்பாசிட்டருக்கோ, அதனை வழங்குவோரிடம் பேசித் தரத்தை மாற்றவேண்டும். ஏப்ரிலில் விற்கும் விசிறிகளுக்குப் புதிய கப்பாசிட்டர் பூட்டப்படுமாயின், அத்தொகுதியில் 12 என்பது 3 ஆதல் வேண்டும் என வகுப்பதே பொருளுள்ள இலக்கு. அது நிறைவேறிற்றா என்பதை ஒக்டோபர் மாதத்திற்கு முன் எவராலுங் கூறவியலாது.