பாகம் பிரிப்போம், பண்ணையைச் சிதைக்க மாட்டோம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்து வந்திருக்கிறது. படித்த பிள்ளை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டிய ஓர் ஏடு அவன் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கிறது. அதுதான் நிலத்தின் பட்டா. அதில் யார் பெயர் இருக்கிறது? பலருடைய வீட்டில் மறைந்துபோன பாட்டனார் பெயர்தான் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம்மிடம் நிலம் வந்த வரலாற்றை முதலில் எண்ணிப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அப்படி வழங்கப்பட்டவையே இன்று பஞ்சமி நிலம் எனப்படுபவை. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அடமானம் வைக்கக் கூடாது. அதன் பின்னரும் நம் சமுதாயத்தார் அல்லாதவர்க்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் பெருமளவு நிலம் கைநழுவிற்று. அதை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். நிலத்தின் விலை ரூபாயில் மட்டும் கணக்கிடப்படுவதன்று என்பதை அவர்கள் நமக்குக் காட்டிச் சென்றார்கள்.

மதுரைச் சமவெளியில் நிலத்தின் பெருமை நீரால் வந்தது. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இரு போகமும், மேலூர்ப் பக்கம் ஒரு போகமும் விளைந்தன. 1959இல் வைகை அணையும் எழுந்தது. கால்வாய் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேட்டுப் புஞ்சைகள் கண்மாயையும் கிணற்றையும் நம்பி நின்றன. நகரமோ 1971இல் மாநகராட்சியாகி, 2011இல் 100 வார்டுகளாக விரிந்தது. நேற்று வரை சோளம் விளைந்த புஞ்சையில் இன்று வண்ணக் கொடிகளும் எண்ணிட்ட கற்களும் நிற்கின்றன.

இந்நிலையில் நம் குடும்பங்களில் இரண்டு பேச்சுக்கள் கேட்கின்றன. “பிரித்தால் யாருக்கும் பயன்படாது, அப்படியே கிடக்கட்டும்” என்பது ஒன்று. “பிளாட்டாக்கி விற்றுப் பணத்தைப் பங்கிடுவோம்” என்பது மற்றொன்று. முதற்பேச்சு முடிவில் இரண்டாவதிலேயே கொண்டுபோய் விடுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும்வரை உழுகின்ற பேரனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கிடைப்பது அரிது. கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்டால் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். 2019இல் ஆண்டுக்கு 6000 ரூபாய் உழவர் உதவித் தொகை வழங்கத் தொடங்கிய போதும், தன் பெயரில் நிலம் இல்லாதவன் வெளியிலே நின்றான். கடனும் நீரும் இல்லாத நிலம் தரிசாகிறது. தரிசைப் பார்த்துத் தரகர் வருகிறார். வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளியின் பிரிபடாத பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள்மீது பாக வழக்குத் தொடுக்கிறார். வழக்குச் செலவு தாங்காமல் மற்றவர்களும் கையெழுத்திடுகிறார்கள்.

ஆகவே பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் பிரிப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 ஏக்கர் 40 சென்ட் நிலம்; அகலம் 200 அடி, நீளம் சுமார் 520 அடி; பங்காளிகள் நால்வர். எல்லார்க்கும் ரோட்டுமுகம் வேண்டும் என்று நீளவாக்கில் அறுத்தால் ஆளுக்கு 50 அடி அகலம் வரும். அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைகள் என்றால் ஒருவனுக்கு 17 அடி கூட இல்லை. அதில் டிராக்டர் திரும்பாது. வரப்பே நிலத்தைத் தின்றுவிடும். அதே நிலத்தில் ஓரமாக 12 அடிப் பொதுப் பாதை விட்டால் 14 சென்ட் போகும். மீதியைக் குறுக்குவாக்கில் நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 56 சென்ட், ஏறக்குறைய 190 அடிக்கு 130 அடி என்ற நல்ல வடிவில் அமையும். பாதைக்கு விட்டது நட்டம் அன்று. அதுவே மற்ற நிலத்தைக் காக்கும் வேலி.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்கு எல்லைகளோடு பாதையையும், வாய்க்காலையும், கிணற்றில் அவரவர் முறையையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். பிறகு நில அளவர் வந்து அளந்து, புல வரைபடத்தில் உட்பிரிவு எண் இட்டு, தனிப்பட்டா பெறும்வரை ஓயாதீர்கள். பத்திரம் மட்டும் இருந்து பட்டா மாறாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பட்டா நான்கானாலும் உழவு ஒன்றாகவே இருக்கலாம். எல்லைக்கல் இருக்கட்டும், உள்வரப்பு வேண்டாம். ஒரே மோட்டார், ஒரே உழவு, வரவு செலவுக்கு ஒரே நோட்டு.

அண்ணல் அம்பேத்கர் 1918இலேயே இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலம் சிறிது என்பதனால் மட்டும் வேளாண்மை நலிவதில்லை. உழைப்புக்கும் கருவிக்கும் முதலுக்கும் நிலம் பொருந்துகிறதா என்பதே கேள்வி என்று அதிலே காட்டினார். சிறு துண்டுகளைப் பிரிக்க விடாமல் தடுக்கும் மசோதா 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வந்தபோது, அது ஏழையை நிலமற்றவனாக்கும் என்று எதிர்த்தார். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 1970-71இல் 1.45 ஹெக்டேராக இருந்தது, 2015-16இல் 0.75 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. சிறு நிலத்தில் வாழும் வழியைத்தான் நாம் கற்க வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை, சென்ட் கணக்கில் நட்டாலும் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ அனுப்புகிறது. வீட்டார் கைகளே பறிப்பதற்குப் போதும். அதோடு ஓரத்தில் நான்கு ஆடும், ஒரு கறவை மாடும், தீவனப் புல்லும் இருந்தால் அதுவே ஒரு சிறு பண்ணை.

தங்கைமார்களே, உங்கள் பங்கை மறந்துவிடவில்லை. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005இல் மைய அரசின் சட்டத் திருத்தம் மகள் அனைவரையும் சேர்த்தது. அந்நாளுக்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறித்தவ உறவினருக்கோ 1925ஆம் ஆண்டுச் சட்டமே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு கொடுக்கிறது. அக்காள் தங்கையை விட்டுவிட்டு எழுதும் பத்திரம் பிற்காலத்தில் வழக்காகத்தான் திரும்பி வரும். நீதியும் அதுவே; பாதுகாப்பும் அதுவே.

வீட்டுக்கு இடம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும். அதற்கு ரோட்டை ஒட்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் தனி உட்பிரிவாக்கி, நகர் ஊரமைப்புத் துறையின் இசைவைக் கேளுங்கள். முழு நிலத்தையும் மனையாக்க வேண்டியதில்லை. இசைவு பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதையும், அதனால் மனை வாங்கிய ஏழைகள் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதையும் அறிவீர்கள். பங்காளி ஒருவருக்குப் பணமுடை வந்து விற்கத்தான் வேண்டுமென்றால் முதலில் உடன்பிறந்தாரிடம் கேட்கட்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உடன் வாரிசுகளுக்கு அம்முன்னுரிமையைத் தருகிறது. அது விளைநிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இளைஞர்களே, இம்மாதமே மூன்று காரியங்கள் செய்யுங்கள். வீட்டுப் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டு நகலையும் பார்த்து, நிபந்தனை நிலமா என்று அறியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து யாரேனும் எதையேனும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாரிசுகள் அனைவரையும், பெண்களையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்தறியாத நம் முன்னோர் கைநாட்டு வைத்து இழந்தார்கள். எழுத்தறிந்த நாம் படித்துப் பார்க்காமல் இழப்போமானால், அந்த இழப்புக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

நிலத்தைப் பங்கிடுங்கள், நீரையும் பாதையையும் உறவையும் பொதுவில் வையுங்கள்.