வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இன்றைய பட்டதாரிகளே, விடியமுன் பஸ் பிடித்துப் பேராதனைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெற்றோர்களே!

பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். அவர் கொழும்புக்காரர். ஆனால் அவர் 1961இல் பட்டம் பெற்றபோது கொழும்பும் பேராதனையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்த முறையில் அவரில் பாதியை நீங்கள் உரிமை கோரலாம். கொழும்பார் கோபித்தால் நான் பொறுப்பில்லை.

அடிப்படையில் அவர் கணிதக்காரர். 1966இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியபோது இங்கே கணினித் துறை என்று ஒன்று இருக்கவில்லை. அதைக் கொழும்பில் படிப்படியாகக் கட்டினார். 1987இல் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. அது வளர்ந்து 2002இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியானது. வித்யா ஜோதி என்ற தேசிய விருதும் கௌரவக் கலாநிதிப் பட்டமும் கிடைத்தன. இலங்கைத் தகவல் தொழில்நுட்பத்தின் தந்தை என்றும் அழைத்தார்கள். எதற்கும் ஒரு தந்தையைத் தேடிப் பிடிக்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1982இல் ரூபவாஹினி பிறந்த வருடமே ஜனாதிபதித் தேர்தலும் வந்தது. முடிவுகளைத் திரையில் காட்டும் வேலையை அவருடைய கொழும்புப் பல்கலைக்கழகக் குழுவினர் கணினி கொண்டு செய்தார்கள். அக்காலக் கணினிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தமிழும் சிங்களமும் திரையில் வரவேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தையும் சதுரக் கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைந்து ஊட்ட வேண்டும். 'ணூ' என்ற எழுத்தின் சுழிகளை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிப் பாருங்கள், வேலையின் அருமை தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் காட்டியிருந்தாலும் அன்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் அதே மனதின் வேலைதான். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் தசமங்கள் தவறி வீட்டோடு நின்ற பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். கலஹாவிலும் புசல்லாவையிலும் அப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. அவர்கள் எங்கே படித்தார்கள் என்று இந்தப் பட்டம் கேட்கவில்லை. தனியார் வகுப்போ, வீட்டு மேசையோ, பரீட்சையில் தேறினால் போதும். முதல் வருடத்தோடு நிறுத்தினாலும் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா. காசில்லாமல் இடையில் விட்டவரும் வெறுங்கையோடு போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒருவர் வெளியே நின்றவர்களுக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு இது. பின்னர் அவர் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தலைவராக இருந்த காலத்தில் கிராமங்களில் நெனசல என்ற கணினி, இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்தப் பதவியில் இருக்கும்போதே 2007இல் காலமானார்.

உங்களில் சிலர் அடுத்த மாதமே ஏதாவது ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுத உட்காருவீர்கள். தமிழ், சிங்களப் பக்கங்களைக் கடைசி வாரத்தில் அவசரமாக ஒட்டவைக்கச் சொல்வார்கள். முதல் கூட்டத்திலேயே கையை உயர்த்தி, அவற்றையும் இப்போதே தொடங்குவோம் என்று சொல்லுங்கள்.