கையெழுத்துக்கு முன் கேளுங்கள்



முன்னாளில் தோட்டத்து டிரஸ்ஸர் ஊசியை எடுத்தால் நாம் கையை நீட்டுவோம். என்ன மருந்து, எதற்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு என்றே எண்ணினோம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு பாரத்தை நீட்டினால், "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்தப் பாரத்தின் பொருள், "விளக்கம் கேட்டேன், புரிந்தது, சம்மதிக்கிறேன்" என்பதாகும். விளக்கம் சொல்வது டாக்டர் நமக்குக் காட்டும் தயவு அன்று. அது அவருடைய கடமை.

நம் நாட்டு நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. 1982ஆம் ஆண்டு சாலை விபத்தில் ஒரு பெண்மணிக்குக் கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு விலகியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருடைய கைகால்கள் செயலிழந்தன. இப்படி நேரக்கூடும் என்று தமக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று அவர் வழக்காடினார். உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். கடைசியில், 2006 டிசம்பர் 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிகிச்சையில் உள்ள முக்கிய ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்லவேண்டும். எதைச் சொல்வது என்பதை டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்பதே அதன் சாரம்.

சரி, கையெழுத்தை யார் போடுவது? அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது என்று மகனே போட்டுவிடுவது நம் வீடுகளில் உண்டு. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால், 1995இல் டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து பெற்றுப் படுத்திருந்தார். அந்த மயக்கத்திலேயே, அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் இந்திய உச்சநீதிமன்றம் கூறியது. அவர் வயது வந்தவர், விவரம் அறிந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். அது வேறு நாட்டுத் தீர்ப்புதான்; அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும்.

நினைவிழந்த நோயாளியின் உயிருக்குப் போராடும் வேளை வேறு. அப்போது டாக்டர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மற்ற வேளைகளில் நான்கு கேள்விகளை மறவாதீர்கள்:

எனக்கு என்ன நோய்?
என்ன செய்யப்போகிறீர்கள்?
அதனால் என்ன ஆபத்து வரலாம்?
செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா?

பதில் புரியவில்லையா? இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதி இருந்தால் அழைக்கச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் கேட்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்கமாட்டார்.

பிள்ளைகளே, அம்மாவுக்காக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். முடிவை மட்டும் அம்மாவே சொல்லட்டும். வலி தாங்கப்போவது அவருடைய உடம்பல்லவா?