டிரெய்லர் டயரும் நம் உயிரும்

(பங்சாரில் தோட்டத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் கூரையைப் பற்றியும் பேச வேண்டிய நேரத்தில், இந்தக் கிராணிமார் டயரைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. நாம் வெட்டும் பால்தான் டயராகிறது. அந்த டயரின் மேல் ஓடும் டிரெய்லரில்தான் நம் பாலும் போகிறது, பல தோட்டங்களில் இருட்டோடு நம் ஆட்களும் போகிறார்கள். டயர் வெடித்தால் நிர்வாகத்துக்குக் கணக்கில் ஒரு வரி நஷ்டம். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கோ கை, கால், உயிர்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் ஒட்டிக்கொண்டு பங்சார் ஆயிற்று என்று சொல்வார்கள். 1960களில் பக்கத்திலே பெட்டாலிங் ஜெயாவில் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. மரம் நின்ற இடமும் டயர் வார்த்த இடமும் சில மைல்களுக்குள். ஆனாலும் டயரைப் பற்றித் தோட்டத்தில் நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டயரைக் கொல்வது கல்லும் ஆணியும் மட்டுமல்ல, சூடுதான் பெரிய எதிரி. சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் டயரின் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தாலும் பாரம் கூடினாலும் மடங்கல் அதிகமாகிறது, மடங்க மடங்கச் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் உள்ளே ரப்பரும் நூலும் கம்பியும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. கடைசியில் மேல்தோல் உரிந்து பறக்கிறது. ஓட்டுகிறவன் ‘திடீரென்று வெடித்துவிட்டது’ என்பான். திடீரென்று அல்ல. பல நாளாக உள்ளே வெந்துகொண்டிருந்தது.

இதிலே டிரெய்லருக்கு ஒரு தனிக் கேடு. முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், டிரைவருக்குத் தெரியும். பின்னால் வரும் டிரெய்லரில் இறங்கினால் தெரியாது. ஒரு பக்கம் இரண்டு சக்கரம் இருந்தால், கெட்ட டயரின் பாரத்தையும் நல்ல டயர் சுமந்துகொண்டு ஓடும். ஒன்று போன பிறகு மற்றதும் போவது இதனால்தான்.

எந்த டயர் வாங்குவது? ‘நல்ல கம்பெனி டயர்’ என்பது பதில் ஆகாது. கணக்குப் போட வேண்டும். பால் டேங்க் டிரெய்லர் வெறும் வண்டி 1,000 கிலோ, பால் 3,000 கிலோ, ஆக 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1,000 கிலோ. ஆனால் பால் டேங்க் அரைகுறையாக இருந்தால் வளைவில் பால் ஒரு பக்கமாகச் சாயும். மேட்டுப் பாதையில் பாரம் பின்னுக்குப் போகும். ஆகவே கால் பங்காவது கூட்டி, 1,250 கிலோ தாங்கும் டயராகப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் பாரத்துக்கு: 100 என்றால் 800 கிலோ, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250. எழுத்து வேகத்துக்கு: ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், எல் என்றால் 120. தோட்டத்துக்குள் டிராக்டர் இழுக்கும் வண்டிக்கு எழுத்து பெரிய விஷயமல்ல. கிள்ளான் சாலையில் லாரி இழுத்துக்கொண்டு ஓடும் டிரெய்லருக்கு அதுவும் முக்கியம்.

கார் டயர் மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கார் டயரின் பக்கச் சுவர் மெல்லியது, சொகுசுக்காகச் செய்தது. பாரம் இழுக்க அது ஆகாது. லாரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரில் செயற்கை ரப்பர் அதிகம். ஏன்? நம் மரத்துப் பால் ரப்பருக்குக் கிழிசலைத் தாங்கும் குணம் உண்டு, மடங்கும்போது சூடும் குறைவாகவே உண்டாகும். இதைக் கேட்டால் நமக்கு ஒரு சின்னப் பெருமை வரத்தான் செய்கிறது!

ஆனால் இயற்கை ரப்பர் வெயிலுக்கும் காற்றுக்கும் வெடிக்கும். அதைத் தடுக்க ஒரு மெழுகைச் சேர்த்திருப்பார்கள். வண்டி ஓடி டயர் மடங்கினால்தான் அந்த மெழுகு மேலே வந்து காப்பாற்றும். மழைக்காலத்தில் வெட்டு நின்று டிரெய்லர் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், பூ தேயாமலே பக்கத்தில் பாளம் பாளமாக வெடிப்பு விடும். பூ இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 2000-ம் ஆண்டு முதல் செய்த டயர்களில் தேதியை நான்கு இலக்கமாகப் போடுகிறார்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

செலுப் டயர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல உடம்பின் மேல் முறையாக ரப்பர் ஏற்றிய டயர் நன்றாக உழைக்கும், சிக்கனமும்கூட. லாரியில் தேய்ந்து, ஒட்டுப் போட்டு, கம்பி தெரிந்த பிறகு ‘டிரெய்லருக்குப் போதும்’ என்று தள்ளிவிடுகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் அப்படித் தள்ளிய டயர் ஒன்று பாதி வழியில் உரிந்தது. பால் முழுவதும் ஓடையில் போயிற்று. அன்றைக்கு மேலே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: டிரைவர் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தார்கள்! கிராணி புத்தகத்தில் அந்த டயர் மாட்டிய தேதியும், அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே டிரைவர் புகார் சொன்ன தேதியும் எழுதியிருந்தபடியால் பிடித்தம் நின்றது.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஓடும்போதே மேல்தோல் உரிந்து கார்கள் உருண்டன, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காற்று குறைவு, வெயில், வேகம் என்று பல காரணம் சொன்னார்கள். ஆனால் கெட்ட டயர்களில் பல, இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் ஆலையில் செய்தவை. அங்கே 1994-ல் நிர்வாகம் சலுகைகளை வெட்டி 12 மணி நேர ஷிப்ட் கேட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டினார்கள். கிரூகர், மாஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்து, அந்தத் தகராறுக் காலத்தில் அங்கே வார்த்த டயர்களே மிகுதியாகப் பழுதாயின என்று 2004-ல் எழுதினார்கள். மனம் நொந்த கையிலிருந்து வரும் டயரில் யார் யாரோ ஏறிப் போகிறார்கள், தோழர்களே.

இனி வேலைக்கு வருவோம். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, கேஜ் வைத்துப் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது பார்ப்பதல்ல. ஓடிச் சூடான டயரில் காற்று ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் ஆறியபின் குறைந்துவிடும். வழியில் நிறுத்தும்போது புறங்கையை ஒவ்வொரு டயர் பக்கத்திலும் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதா? காற்று இல்லை, அல்லது பேரிங் போயிருக்கிறது. டீசலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும், உடனே கழுவிவிடுங்கள். ரேடியல் டயரையும் பழைய மாதிரி டயரையும் ஒரே அச்சில் கலந்து மாட்டாதீர்கள்.

வளையம் போட்ட லாரி ரிம்மில் மட்டும் யாரும் வீரம் காட்ட வேண்டாம். காற்று அடிக்கும்போது வளையம் தெறித்தால் தலை போகும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தூரத்தில் நின்று அடிக்க வேண்டும். கூண்டு இல்லாத தோட்டத்தில் கூண்டு கேளுங்கள், வரும்வரை அந்த வேலையைப் பட்டணத்துப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காற்றில்லாமல் ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிப்பதும் அதே ஆபத்துத்தான். கழற்றி உள்ளே பார்த்த பிறகே.

கிராணிமார்களே, உங்கள் பங்கு ஒன்று உண்டு. டிரெய்லருக்கென்று ஒரு தனிப் புத்தகம் போடுங்கள்: டயர் எண், மாட்டிய தேதி, காற்று பார்த்த தேதி, டிரைவர் சொன்ன புகார், துரைக்குத் தெரிவித்த நாள். கழித்த டயரை ஸ்டோரில் போடுவதற்கு முன் பக்கச் சுவரைக் கத்தியால் நன்றாகக் கீறிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே டயர் வேறொரு டிரெய்லரில் ஏறி நம் ஆட்களைச் சுமந்துகொண்டு வந்து நிற்கும்.