மணியார்டரும் கைப்பேசியும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வெகுதூரம் வந்து குடியேறியிருக்கும் நம்மில் பலருக்கு மாதந்தோறும் தவறாமல் நிறைவேற்ற வேண்டிய கடமை ஒன்று உண்டு. ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புவதே அது. மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், டெல்லியின் கரோல் பாகிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இக்கடமையை ஆற்றி வந்திருக்கின்றன. அந்தப் பணம் ஊர் போய்ச் சேரும் வழி நம் கண்ணெதிரிலேயே அடியோடு மாறிவிட்டது. புதிய கருவி ஒன்று வந்து, நெடுங்காலம் நிலைபெற்றிருந்த ஒரு சேவைத் தொழிலை எவ்வாறு மாற்றுகிறது, அம்மாற்றத்தில் நாம் பெற்றது என்ன, காத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

இந்தியத் தபால் இலாகா மணியார்டர் சேவையை 1880ஆம் ஆண்டில் தொடங்கியது. பணவிடை என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் ஏற்பட்ட பின்னரும் மக்கள் நாவில் மணியார்டர் என்ற சொல்லே நிலைத்தது. அதன் அமைப்பு மிகவும் எளிமையானது. அனுப்புகிறவர் படிவத்தைப் பூர்த்தி செய்து, தொகையையும் கட்டணத்தையும் தபாலாபீசில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்வார். அதன் பிறகு ரயிலேறிப் பிரயாணம் செய்தது அந்தப் படிவந்தான், பணம் அன்று. படிவம் ஊர்த் தபாலாபீசை அடைந்ததும், அங்கிருந்த ரொக்கத்திலிருந்து பணம் எடுத்துத் தபால்காரரிடம் கொடுக்கப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தச் சேவையின் உயிர்நாடி. தபால்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். பணத்துக்கு உரியவர் இன்னார் என்பதை அவர் நேரில் அறிவார். தொகையை வாய்விட்டுச் சொல்லி நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். படிவத்தின் ஓரத்தில் மகன் எழுதியிருந்த இரண்டு வரிச் சேதியை, எழுத்தறியாத தாய்க்கு அவரே படித்துக் காட்டியதும் உண்டு. கையெழுத்திட இயலாதவர் பெருவிரல் ரேகை பதித்தார். அதற்கு எழுத்தறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட்டார். அந்த ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளியாக இருந்த மகன், தன் தாயின் விரல் ரேகையைப் பார்த்துப் பணம் சேர்ந்தது என்று மட்டுமன்றித் தாய் நலமாக இருக்கிறாள் என்றும் மனநிறைவு கொண்டான்.

இவ்வளவு சிறப்புடைய முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. பணம் போய்ச் சேரப் பல நாட்கள் ஆயின. அவசரத்துக்குத் தந்தி மணியார்டர் உண்டு என்றாலும் அதற்குச் செலவு கூடுதல். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற கட்டண விகிதம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஆயிரம் ரூபாய் அனுப்பினால் ஐம்பது ரூபாய் கட்டணம். கூலிவேலை செய்து பணம் அனுப்புகிறவருக்கு இது சிறு தொகையாகாது. ஆகவே, பழைய முறை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2008இல் தபால் இலாகாவே மின்னணு மணியார்டரைக் கொண்டுவந்தது. படிவத்தின் ரயில் பிரயாணம் குறையத் தொடங்கியது. 2010இல் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி ஏற்பட்டது. 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தின் மூலம், வங்கிப் படியையே மிதித்தறியாத கோடிக்கணக்கானோர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2015இல் பழைய காகித மணியார்டர் நிறுத்தப்பட்டது. 2016இல் யுபிஐ என்னும் முறை வந்தது. இன்று கைப்பேசியில் சில எண்களைத் தட்டினால், சூரத்திலிருந்து சிவகங்கைக்கு ஒரு நொடியில் பணம் போய்ச் சேருகிறது. அனுப்புகிறவருக்குக் கட்டணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு என்ற தடையும் இல்லை. ஏழைத் தொழிலாளியின் ஐம்பது ரூபாயை மிச்சப்படுத்தித் தந்த இந்த ஏற்பாட்டை நாம் மனமார வரவேற்கவே வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிய முறை பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தாயின் கணக்கில். தாயின் கையில் அன்று. ஊரில் வங்கிக் கிளை இல்லையென்றால் அவள் பஸ் ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போகவேண்டும். பணம் தரும் இயந்திரத்தின் முன்னால் அறிமுகமில்லாத ஒருவரின் உதவியை நாட வேண்டும். அல்லது ரகசிய எண்ணைப் பேரனிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி வைக்க வேண்டும். பணம் வந்த செய்தியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஆயிரம் மைல் தூரத்தை ஒரு நொடியில் கடந்த பணம், கடைசி ஐந்து மைலைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது. முன்பு அந்தக் கடைசி ஐந்து மைலைத் தபால்காரர் சைக்கிளில் கடந்தார்.

இந்தக் குறையை அரசாங்கமும் வங்கிகளும் உணராமல் இல்லை. வங்கிகள் தங்கள் சார்பில் கிராமங்களில் முகவர்களை அமர்த்திக்கொள்ள ரிசர்வ் வங்கி 2006இலேயே அனுமதி அளித்தது. 2018 செப்டம்பரில் இந்திய அஞ்சல் பட்டுவாடா வங்கி நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபாலாபீசுகளைக் கொண்ட இலாகாவின் ஊழியர்கள், கடிதக் கட்டுடன் கைப்பேசியையும் விரல் ரேகை வாங்கும் சிறு கருவியையும் எடுத்துச் செல்லலானார்கள். ஆதார் எண்ணோடு இணைந்த கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், விரல் ரேகையைப் பெற்று வீட்டு வாசலிலேயே பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 2020இல் ஊரடங்கின்போது பஸ்ஸும் ரயிலும் நின்றுபோன நாட்களில், முதியவர்கள் பலருக்கு இவ்வழியேதான் பணம் கிடைத்தது. புதிய கருவி தபால்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று எண்ணியவர்கள், அதே கருவியைக் கையிலேந்தி அவர் மறுபடியும் வாசலில் வந்து நிற்பதைக் கண்டார்கள்.

தாயின் பெருவிரலும் இவ்வாறு மீண்டும் வேலைக்கு வந்தது. எனினும் அன்று பதித்த ரேகைக்கும் இன்று பதிக்கும் ரேகைக்கும் பெரிய வேற்றுமை உண்டு. மணியார்டர் படிவத்தில் பதித்த ரேகை, ‘இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டேன்’ என்று சொன்னது. எவ்வளவு தொகை என்பது படிவத்தில் எழுதப்பட்டிருந்தது; அருகில் சாட்சி இருந்தார். இன்று கருவியில் பதிக்கும் ரேகை, ‘என் கணக்கைத் திற’ என்று சொல்கிறது. எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதைக் கருவியை இயக்குபவரே தட்டுகிறார். சாட்சி என்று ஒருவர் இல்லை. பெரும்பாலான ஊழியர்கள் நேர்மையானவர்கள். ஆயினும் விரலை வைக்கச் சொல்லிப் பணம் எடுத்துக்கொண்டு, ‘ரேகை விழவில்லை’ என்று சொல்லி ஏழைகளை வெறுங்கையோடு அனுப்பிய முகவர்களும் நாட்டின் சில இடங்களில் இருந்திருக்கிறார்கள். வயல்வேலையில் தேய்ந்த விரல்களைக் கருவி உண்மையாகவே ஏற்க மறுப்பதும் உண்டாகையால், எது பொய், எது மெய் என்று அறிவது அந்த முதியவருக்கு எளிதன்று.

ஆகவே புதிய முறையில் விடுபட்டுப் போன சாட்சியின் இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பணம் அனுப்பிய அன்றே பெற்றோரை அழைத்து, தொகை இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பணம் எடுத்த பிறகு கருவியின் ரசீதைக் கேட்டு வாங்கவும், மீதியிருப்பு எவ்வளவு என்று கேட்கவும் அவர்களைப் பழக்க வேண்டும். ‘ரேகை விழவில்லை’ என்று சொல்லப்பட்டால் அன்றைக்கே நமக்குத் தெரிவிக்கச் சொல்ல வேண்டும். பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. தட்டச் சொல்கிறவர் மோசக்காரர் என்பதை அவர்கள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். மோசடி நடந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

வங்கிகளிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. பணம் வந்த செய்தியும் எடுத்த செய்தியும் தமிழில் வரவேண்டும். எழுத்தறியாதவருக்குக் கருவி தொகையைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டு முன்பு அனுப்பியவருக்குத் திரும்பி வந்ததைப் போல, கணக்குக்கு உரியவர் விரும்பினால், பணம் கையில் சேர்ந்த செய்தி அவருடைய பிள்ளைகளுக்கும் வரவேண்டும். தபால் இலாகா ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காகிதத்தில் செய்து காட்டியதை மின்சாரக் கருவியில் செய்ய முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கருவிகள் இன்னும் மாறும். கைப்பேசியின் இடத்தில் நாளை வேறொன்று வரலாம். பணத்தைக் கொண்டுபோவது மட்டுமே இத்தொழிலாக இருந்திருந்தால், அது 2016இலேயே முடிந்து போயிருக்கும். உரியவரைத் தெரிந்துகொண்டு, எண்ணிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சாட்சி வைப்பதும் அதில் அடங்கியிருந்ததனால்தான், காக்கிப் பையுடன் வருகிற தபால்காரருக்கு நம் ஊர்களில் இன்றும் வேலை இருக்கிறது. அடுத்த மாதம் பணம் அனுப்பும்போது, அதைத் தாயின் கையில் கொடுக்கப் போகிறவர் யார் என்பதையும் ஊருக்குப் பேசித் தெரிந்துகொள்வோமாக.