மருத்துவம் பயில விரும்புவோர் எப்போது ஆயத்தமாக வேண்டும்?



குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலும் இறப்பர் மலைகள் உள்ளன. அங்கே பால் வெட்டும் தொழிலாளி பொழுது புலரும் வேளையிலேயே மரத்தடிக்குச் சென்றுவிடுகிறார். வெயில் ஏறிய பின் வெட்டினால் பால் குறைந்துவிடும். பட்டை மழையில் நனைந்திருந்தால் அன்று வெட்டவே இயலாது. மரமும் அதுவே, கத்தியும் அதுவே, கையும் அதுவே. ஆயினும் நேரம் தவறினால் வாளி நிறைவதில்லை. பிள்ளைகளின் கல்வியிலும் இவ்வாறு நேரம் தவறக் கூடாத துறை ஒன்று உண்டு. அதுவே மருத்துவக் கல்வி. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே இன்று உங்கள் முன் வந்துள்ளேன்.

யான் விஞ்ஞானம் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. நோயையும் மருந்தையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால், வைத்தியராக வேண்டும் என்று கண்கள் ஒளிரக் கூறும் பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருபவன். அவர்களுட் பலர் அறிவுக் குறைவினால் பின்தங்கவில்லை. காலத்தை அறியாமையினாலேயே பின்தங்கினர். அந்தக் காலக் கணக்கைக் கூறும் உரிமை ஓர் அதிபருக்கு உண்டு என்று கருதுகிறேன்.

நம் நாட்டில் அரச மருத்துவபீடம் ஒன்றில் சேர விரும்பும் மாணவர் உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களையும் கற்றுச் சித்தியெய்த வேண்டும். அம்மூன்றையும் கற்பதற்கு உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவில் இடம் பெற வேண்டும். அந்த இடத்தைப் பெறச் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானமும் கணிதமும் கைகொடுக்க வேண்டும். ஆகவே, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாளில் எடுக்கப்படும் முடிவு போலத் தோன்றுவது, உண்மையில் பதினாறு வயதிலேயே எடுக்கப்பட்டுவிட்ட முடிவாகும்.

எல்லா நாடுகளிலும் இவ்வாறு இல்லை. அமெரிக்காவில் மாணவர் முதலில் நான்கு ஆண்டுகள் பட்டப்படிப்புப் படித்து, அதன் பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது வழக்கம். வேண்டிய விஞ்ஞானப் பாடங்களை அந்த நான்கு ஆண்டுகளுக்குள் படிக்கலாம். வரலாறோ இலக்கியமோ கற்றுப் பட்டம் பெற்ற ஒருவர், பின்னர் மனம் மாறி, விடுபட்ட பாடங்களை மட்டும் தனியே கற்று மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவும் அங்கே வழி உண்டு. அயல்நாடாகிய இந்தியாவிலோ பன்னிரண்டாம் வகுப்பில் இம்மூன்று பாடங்களையும் கற்றே நுழைவுத் தேர்வுக்குச் செல்ல வேண்டும். நம் ஒழுங்கும் இந்தியாவின் ஒழுங்கை ஒத்ததே. பின்னால் வந்து தட்டினால் திறக்கும் கதவு இங்கே இல்லை. ஒழுங்கு நல்லதா தீயதா என்று வாதிடுவது அறிஞர் வேலை. அதனுள் வாழும் பிள்ளைகளை உரிய வேளையில் வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பது நம் வேலை.

இனி, நமது பகுதியின் நிலையைப் பார்ப்போம். இலவசக் கல்வி 1940களில் நாட்டுக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தது 1970களிலேதான். ஒரு தலைமுறைக் காலப் பின்னடைவு அது. இன்று பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. விஞ்ஞானப் பிரிவுடன் உயர்தர வகுப்பு நடத்துபவை முதலாம் வகையில் ஏ, பி என்ற எழுத்துக்களைக் கொண்டவை. சி என்ற எழுத்தைக் கொண்டவற்றில் உயர்தரம் உண்டு. ஆனால் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. இரண்டாம் வகைப் பாடசாலைகள் சாதாரண தரத்தோடு நின்றுவிடும். சப்ரகமுவ மாகாணத்தில் அம்மூன்று விஞ்ஞானப் பாடங்களையும் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. ஆகவே, நம் பிள்ளை பெரும்பாலும் வீட்டை விட்டு வேறு ஊருக்கோ வேறு மாவட்டத்துக்கோ செல்ல வேண்டியவளாகிறாள். விடுதி, பயணம், செலவு என்பன எழுகின்றன. இவற்றைப் பெறுபேறு வந்த மறுநாள் யோசிக்கத் தொடங்கினால் காலம் போதாது.

நேயர்களே, இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டு அது. அப்போது யான் பணியாற்றிய பாடசாலையில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டுமே இருந்தது. பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அதிவிசேட சித்தி பெற்றிருந்தாள். தந்தை பெறுபேற்றுத் தாளோடு என் மேசை முன் நின்று, “ஐயா, பிள்ளை டொக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. எங்கே அனுப்பலாம்?” என்று கேட்டார். எங்கள் கலை வகுப்பில் அவ்வாண்டு பிள்ளைகள் போதவில்லை. தொகை குறைந்தால் வகுப்பே மூடப்படும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. “தூர இடத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பிக் கஷ்டப்படுவானேன்? இங்கேயே கலை படிக்கட்டும். நிச்சயம் பல்கலைக்கழகம் போவாள்” என்றேன். அவர் கைகூப்பிச் சென்றார். அவள் கலை படித்தாள், பல்கலைக்கழகமும் சென்றாள், இன்று வேறொரு தோட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். என் வாக்குப் பொய்க்கவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை கேட்டது வேறு. யான் கொடுத்தது வேறு.

சென்ற ஆண்டு அவள் என்னைக் காண வந்தாள். பழைய கதை எதையும் அவள் எடுக்கவில்லை. தன் வகுப்பில் விஞ்ஞானத்தில் தேர்ந்த நான்கு பிள்ளைகளின் பெயர்களை எழுதி வந்திருந்தாள். “சேர், இவர்கள் ஒன்பதாம் தரத்தில் இருக்கிறார்கள். இப்போதே வழி சொல்லுங்கள். பிறகு சொன்னால் பிந்திவிடும்” என்றாள். அவள் என்னைக் கடியவில்லை. கடிந்திருந்தால் மனம் இலேசாகியிருக்கும். இன்றைய பேச்சு அந்த நான்கு பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் போன்றோருக்காகவும் அமைந்தது.

முதலாவது, ஒன்பதாம் தரம். பிள்ளையின் நாட்டம் இன்னதென்று பெற்றோரும் வகுப்பாசிரியரும் கூடிப் பேச வேண்டிய ஆண்டு இதுவே. விஞ்ஞான உயர்தரம் உள்ள பாடசாலை எது, அங்கே விடுதி உண்டா, வெளியிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்க என்ன நிபந்தனை என்பவற்றை இப்போதே விசாரித்து அறியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருப்பின் இப்போதே திருத்துங்கள்.

இரண்டாவது, பத்தாம், பதினோராம் தரங்கள். வைத்தியராக விரும்பும் பிள்ளைகள் சிலர் கணிதத்தைப் புறக்கணிக்கின்றனர். இது பெருந் தவறு. பௌதிகவியல் கணிதத்தின் தோளில் ஏறி வருவது. மடக்கையும் திரிகோண கணிதமும் அறியாதவர், உயர்தரத்தின் முதல் தவணையிலேயே திணறிப் போவர். ஆங்கிலத்தையும் கைவிடலாகாது. மருத்துவபீடங்களில் ஐந்தாண்டுப் படிப்பும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார் என்பது நமக்குப் பெருமை. எனினும் இன்றைய விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலமே வழங்குகிறது.

மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள். இவை ஓய்வு மாதங்கள் என்று எண்ணுகிறோம். நகரத்துப் பிள்ளைகள் இம்மாதங்களிலேயே உயர்தரப் பாடங்களைத் தொடங்கிவிடுகின்றனர். நம் பிள்ளைகளும் அணுவின் அமைப்பு, ஆவர்த்தன அட்டவணை, அலகுகள், கலத்தின் அமைப்பு முதலியவற்றை ஒரு நூலின் துணையோடு வாசிக்கத் தொடங்கலாம். உயர்தரம் இரண்டு ஆண்டு என்பர். தவணை விடுமுறையையும் மழை வெள்ளத்தால் மூடப்படும் நாட்களையும் கழித்தால் எஞ்சுவது அதனினும் மிகக் குறைவு. 2017ஆம் ஆண்டு வைகாசி வெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, பரீட்சைக்குத் தோற்றும் தடவை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம். “முதல் தடவை கை பழகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்வோர் உளர். ஆயத்தமின்றி ஒரு தடவையைச் செலவிடுவது, மூன்று படி அரிசியில் ஒரு படியைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை வழக்கில் உள்ளது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்தை எழுதிய அனைவரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை அது அளக்கிறது. மூன்று பாடங்களின் அளவுகளும் கூட்டிச் சராசரியாக்கப்படும். ஆகவே, உயிரியலில் வானளாவ உயர்ந்தாலும் பௌதிகவியல் கீழே இழுத்தால் மொத்தமும் தாழும். மூன்றையும் சமமாகப் பேணுவதே அறிவுடைமை.

ஐந்தாவது, மாவட்ட ஒதுக்கீடு. அனுமதி இடங்களில் நூற்றுக்கு 40 தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறில் இரத்தினபுரி ஒன்று. கேகாலை அதில் இல்லை. வேறு மாவட்டத்துக்குப் படிக்கச் செல்லும் பிள்ளை எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவார் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் அவை உள்ளன; கைந்நூல் தமிழிலும் கிடைக்கிறது. பாடசாலை மாற்றுவதற்கு முன்னரே அதனை வாசியுங்கள். மாற்றிய பின் வாசித்துப் பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். பெண்பிள்ளையைத் தூர விடுதிக்கு அனுப்பும் அச்சம் எனக்கும் விளங்கும். யானும் பெண்மக்களைப் பெற்றவன். விடுதியை நேரில் சென்று பாருங்கள், பொறுப்பாளரோடு பேசுங்கள், பின்னர் முடிவு செய்யுங்கள். பாராமலே “வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள்.

என் போன்ற அதிபர்களுக்கும் ஒரு சொல். நமது வகுப்பின் தொகை பெரிது. அதைக் காப்பது நம் கடமையே. எனினும் பிள்ளையின் வாழ்வு அதனினும் பெரிது. நம்மிடம் இல்லாத பாடத்தை நாடும் பிள்ளைக்கு, அது இருக்கும் இடத்தைக் காட்டி, விடுகைப் பத்திரத்தை மனமுவந்து எழுதிக் கொடுப்போம்.

இரத்தினபுரி நகரிலேயே இன்று சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் இயங்குகிறது. எங்கள் மலைகளிலிருந்து அங்கே செல்லப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் லயத்து வாசலிலிருந்து அவ்விடத்தை அடைய ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளும் ஒன்பதாம் தரத்தில் தொடங்குகின்றன. உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால், இன்றிரவே அருகில் அழைத்து, அதன் விருப்பம் என்ன என்று கேளுங்கள்.